தையில் விதைத்து சித்திரையில் திண்டாடும் மாடித்தோட்டம்: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்க

தைப்பட்டத்தில், அதாவது தை மாத விதைப்புப் பருவத்தில், ஒரு வம்பு உண்டு. விதை ஊன்றும்போது விடியற்காலைப் பனி, காய் பறிக்கும்போது கத்திரி வெயில். சென்னையில் பொங்கல் சமயத்தில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். நாலே மாதத்தில் 38, 40 என்று ஏறிவிடும். ஒரே வெண்டைச் செடி தன் ஆயுசுக்குள் இரண்டு ஊரில் குடியிருந்த மாதிரி. அதனால் ‘இலை மஞ்சளாகிறது, என்ன தெளிக்கலாம்?’ என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: இது எந்த மாதம், எந்த இலை? மாசியில் மஞ்சளாவதற்கும் சித்திரையில் மஞ்சளாவதற்கும் காரணம் பெரும்பாலும் வேறு.

கீழே இருப்பதெல்லாம் வெண்டை, தக்காளி, கத்தரி, மிளகாய், கொத்தவரை, கீரை, கொடிக்காய்கள் என்று வழக்கமாக மொட்டை மாடியில் பைகளில் வளர்ப்பவற்றுக்கு. தரையில் வளர்ப்பவர்களுக்கும் பொருந்தும், அந்தச் செடிகள் இவ்வளவு சீக்கிரம் வாடாது என்பதைத் தவிர.

விதை முளைக்கவே இல்லை

முதலில் நாளை எண்ணுங்கள். வெண்டை, கொத்தவரை ஒரு வாரத்துக்குள் தலை காட்டிவிடும். தக்காளி, கத்தரிக்கு 7 முதல் 10 நாள். மிளகாய் சோம்பேறி, அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். பாகல் விதைக்கு ஓடு தடிப்பு, அதுவும் மெதுவாகத்தான் வரும். கெடு முடிவதற்குள் விரலை விட்டுக் கிளறிப் பார்த்து, முளைவிட்ட விதையை ஒடித்தவர்கள் நம்மில் பாதிப் பேர்.

கெடு தாண்டிவிட்டதா? ஒரு விதையைத் தோண்டி எடுத்து நசுக்குங்கள். கூழாக இருந்தால் தண்ணீர் அதிகம், அல்லது ஆழம் அதிகம். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கல் மாதிரி அப்படியே இருந்தால் ஈரம் போதவில்லை, அல்லது குளிர். மண்ணின் சூடு 20 டிகிரிக்குக் கீழே போனால் வெண்டை விதை அசையாது. சென்னையில் இது பெரிய தொல்லை இல்லை. கோவை, ஓசூர்ப் பக்கம் மார்கழிக் கடைசியில் அவசரப்பட்டு விதைப்பவர்களுக்கு நடக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, தை நடுவில் ஊன்றினால் சரியாகிவிடும்.

தோண்டினால் விதையையே காணோம் என்றால் எறும்பு. கீரை விதைக்கு இதுதான் எப்போதும் கதை. மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, பைக்குத் தள்ளி ஓர் ஓரமாக அரிசி நொய் கொஞ்சம் வைத்துவிடுங்கள். எறும்பு அந்தப் பக்கம் போய்விடும்.

இதெல்லாம் இல்லையென்றால் விதை பழசு. ஈரத் துணியில் 10 விதையை முடிந்துவைத்துப் பாருங்கள். 5 கூட முளைக்கவில்லை என்றால் அந்தப் பாக்கெட்டோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

முளைத்த நாற்று கழுத்து மெலிந்து சாய்கிறது

நாற்றழுகல். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி இளைத்து, நாற்று அப்படியே படுத்துவிடும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. மீதியைக் காப்பாற்ற, ஒரு நாள் தண்ணீரை நிறுத்தி, நெருக்கமான நாற்றுகளில் சிலதைப் பிடுங்கிக் கலைத்துவிட்டு, காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து விதைக்கலாம். நம் வீட்டு அளவுக்கு அது ஒரு சிட்டிகை.

மதியம் தலை தொங்குகிறது

இந்தக் காட்சியைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஓடவேண்டாம். சாயங்காலம் 6 மணிக்கு மேலே போய்ப் பாருங்கள். செடி தானாக நிமிர்ந்திருந்தால் அது வெயிலுக்குச் சுருங்கியதுதான். பெரிய இலை வைத்த சுரை, பூசணி எல்லாம் பங்குனிக்கு மேல் தினமும் இந்த நாடகம் ஆடும்.

நிமிரவில்லையா? விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் தாகம். மாசியில் ஒருவேளை ஊற்றியது சித்திரைக்குப் போதாது. என் மாடியில் 15 அங்குலப் பை ஒன்றுக்குச் சித்திரையில் காலையில் ஒரு லிட்டர், மாலையில் அரை லிட்டர் ஆகிறது. ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஒழுகினால் ஏமாறாதீர்கள். பையில் போடும் தென்னை நார்க்கழிவு நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை வாங்காது, ஓரமாக வழியவிட்டுவிடும். கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஊற்றவேண்டும்.

மண் ஈரமாக இருந்தும் வாடுகிறது என்றால் கதை வேறு. பை நேராகத் தளத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறதா? வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாத தளத்தின்மேல் அதன் வேர் நாளெல்லாம் நிற்கிறது. இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள், அடியில் காற்று போகட்டும். மேலே காய்ந்த சருகோ கரும்புத் தோகையோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போடுங்கள். நிழல்வலை 50 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 75 சதவீத வலையைக் கட்டிவிட்டு ‘காயே இல்லை’ என்று அலுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கத்தரியில் செடி முழுதும் நன்றாக இருந்து நுனிக்குருத்து மட்டும் தொங்கினால் அது தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை. தண்டுத்துளைப்பான். தொங்கும் இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி, தண்டைப் பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கும். வாரம் இரண்டு முறை இப்படிக் கிள்ளி எரித்தாலோ சோப்புத் தண்ணீரில் போட்டாலோ பின்னால் காயில் ஓட்டை குறையும். நுனியைக் கிள்ள மனமில்லாமல் விட்டால் அதே பூச்சியின் அடுத்த தலைமுறை காய்க்குள் குடியேறும். மருந்தைவிட இந்தக் கிள்ளல் எவ்வளவோ மேல் என்பது என் அனுபவம்.

இலை பச்சையாக இருக்கும்போதே தக்காளி அல்லது கத்தரிச் செடி மொத்தமாக ஓரிரு நாளில் துவண்டால், அடித்தண்டை அறுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் இழை மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியைத் தூக்கிப் போட்டுவிடலாம். அந்தப் பையில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் இனி வைக்காதீர்கள், மூன்றும் ஒரே குடும்பம். கீரையோ கொத்தவரையோ போடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதில்தான் விடை இருக்கிறது.

அடி இலைகள் முழுதாக மஞ்சளாகி உதிர்ந்து, மேலே பச்சையாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. பைத் தோட்டத்தில் இது விதைத்த 40, 45 நாளில், அதாவது பங்குனி வாக்கில் வரும். தினமும் ஊற்றும் தண்ணீரோடு சத்தும் அடியில் ஒழுகிப் போய்விடுகிறது. மண்புழு உரம் பைக்கு இரண்டு கைப்பிடி போட்டு, வாரம் ஒருமுறை பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம்.

அடி இலையில் நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளிக்கலாம்.

மேலே துளிர் இலையில் நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் வெளிறியும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சாதாரணம். மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையில் செடியால் அதை எடுக்க முடிவதில்லை. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு மாலையில் தெளியுங்கள். தரையில் பட்டால் செங்காவிக் கறை போகாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பையின் ஓரத்தில் வெள்ளைப் பூப்பு படிந்திருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது. மழைநீரோ குடிநீரோ கிடைக்கும் நாளில் அடியில் நன்றாக ஒழுகும்வரை ஊற்றி ஒருமுறை அலசிவிடுங்கள். கழுவாத நார்க்கழிவில் செடி வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை முதல் மாதமே வந்துவிடும்.

வெண்டையில் மட்டும் இதை நேர் தலைகீழாகப் பாருங்கள். நரம்பே மஞ்சளாகி, நடுவில் பச்சை நின்றால் அது சத்துக்குறைவு இல்லை, மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும், ஆகவே மாசியில் விதைத்த வெண்டையைவிடச் சித்திரையில் விதைத்ததில் அதிகம் தாக்கும். மருந்தே கிடையாது. மோர், சாம்பல், வேப்பெண்ணெய் எதுவும் வைரஸைப் போக்காது. செடி ஒரு மாதத்துக்குள் இருந்தால் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்க்கத் தொடங்கிய செடி என்றால், பக்கத்துச் செடிகளில் நோய் இல்லையா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் பறிக்கலாம். காய் வெளிறியிருக்கும், சாப்பிடுவதில் தவறில்லை. தடுப்பாக, மஞ்சள் பெயிண்ட் அடித்த டப்பா மூடியில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈ எவ்வளவு இருக்கிறது என்பதாவது தெரியும்.

இலையில் ஊசி குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள், அடியில் மெல்லிய ஒட்டடை: சிவப்புச் சிலந்திப்பேன். கத்திரி வெயிலின் விருந்தாளி. சூடும் வறட்சியும் அதற்குப் பிடிக்கும், ஈரம் பிடிக்காது. மருந்துக்கு முன் குழாயை வைத்து இலையின் அடிப்பக்கத்தில் மூன்று நாள் பீய்ச்சி அடியுங்கள்.

மஞ்சள் அல்ல, வெள்ளைப் பொடி என்றால் சாம்பல் நோய். இது பனிக்காலத்து ஆசாமி, தை, மாசியில் வெண்டையிலும் கொடிகளிலும் வரும். புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து வாரம் இருமுறை. கந்தகத் தூள் விற்கிறார்கள்தான், ஆனால் பூசணிக் குடும்பத்து இலை அதில் கருகும், வெயில் ஏறினால் இன்னும் மோசம்.

இலை சுருண்டுகொள்கிறது

மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, துளிர் சிறுத்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இரண்டையும் ‘சுருட்டை’ என்ற ஒரே பேரில் சொல்லிக் கடையில் ஒரே மருந்தை வாங்குகிறோம். பூச்சி மருந்து பல சமயம் சிலந்தியைத் தொடாது, மாறாகச் சிலந்தியைத் தின்னும் பூச்சிகளைக் கொன்று நிலைமையைக் கெடுக்கும். இரண்டுக்கும் ஓரளவு கேட்பது வேப்பெண்ணெய்தான்: லிட்டருக்கு 5 மில்லி, கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி, 5 நாளுக்கு ஒருமுறை, சூரியன் இறங்கிய பிறகு. ஒரு வைகாசியில் நான் காலை 10 மணிக்கு வேப்பெண்ணெய் அடித்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் 12 மிளகாய்ச் செடியும் வடகம்.

தக்காளியில் இலை சுருங்கி, சிறுத்து, செடியே குட்டையாக நின்றுவிட்டால் இலைச்சுருட்டை வைரஸ். இதையும் வெள்ளை ஈதான் கொண்டுவருகிறது. பிடுங்குவதுதான் வழி. ஆனால் அடி இலைகள் மட்டும் வெயிலில் சுருண்டு, துளிர் நன்றாக இருந்தால் பிடுங்கிவிடாதீர்கள், அது தண்ணீரைச் சேமிக்கச் செடி செய்யும் வேலை. துளிரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கத்தரியில் இலையெல்லாம் துளசி இலை அளவுக்குச் சிறுத்துக் கொத்துக்கொத்தாக வந்தால் சிற்றிலை நோய். அந்தச் செடி காய்க்காது.

துளிரில் வெள்ளைப் பஞ்சும், தண்டில் வரிசையாக எறும்பும் இருந்தால் மாவுப்பூச்சி. எறும்புதான் அதைத் தூக்கிச் சுமந்து பரப்புகிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, எறும்பின் வழியை அடையுங்கள். எறும்பை விட்டுவைத்தால் அடுத்த வாரம் மறுபடி தேய்க்கவேண்டியதுதான்.

பூக்கவில்லை, பூத்தாலும் உதிர்கிறது

செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கிறது, பூ மட்டும் இல்லை: தழைச்சத்து கூடிவிட்டது. கடலைப்பிண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றுகிறவர்களுக்கு இது நடக்கும். ஒரு மாதம் எதுவும் கொடுக்காமல் விடுங்கள்.

பந்தல் அவரை விஷயம் தனி. ஒரு வருஷம் ஆசைப்பட்டுத் தையில் ஊன்றினேன். கொடி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் படர்ந்தது, பக்கத்து வீட்டுச் சுவர்வரை போனது. பூ? சித்திரையில் இல்லை, ஆனியில் இல்லை. பகல் குறுகும் காலத்தில்தான் அது பூக்கும் என்பதும், அதனால்தான் அதை ஆடியில் விதைக்கச் சொல்லி வைத்தார்கள் என்பதும் அப்புறம்தான் உறைத்தது. ஐப்பசிக்கு மேல் பூத்துக் கொட்டியது, அது வேறு. தையில் அவரை வேண்டுமென்றால் குத்துச்செடி அவரையை வாங்குங்கள், அதற்கு மாதக் கணக்கு கிடையாது.

தக்காளியில் பூ வந்து காம்போடு உதிர்வது பங்குனிக் கடைசியில் தொடங்கும். பகல் 35 டிகிரியையும் இரவு 25 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் வேலை செய்யாது. இதற்கு, பூ உதிராமலிருக்கத் தெளிக்கும் தேமோர் கரைசலை (தேங்காய்ப் பாலும் மோரும் கலந்தது) குறை சொல்லிப் பயனில்லை. தக்காளிக்குத் தைப்பட்டம் என்றால் நாற்றை மார்கழியிலேயே விட்டு, தை முதல் வாரத்தில் நட்டுவிடவேண்டும். அப்போதுதான் காய்ப்பு மாசி, பங்குனியில் முடியும். நேரம் தவறிவிட்டதென்றால் மதியத்துக்கு மேல் நிழல்வலை கட்டி, காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். கத்தரியும் கொத்தவரையும் அந்த வெயிலிலும் காய்க்கும், அவற்றை நம்பலாம்.

கொடியில் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது

கொடி பூக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் ஆண்பூதான் வரும். வெயில் கூடினால் ஆண்பூ இன்னும் பெருகும். பூ உதிர்கிறதே என்று அப்போது பதறவேண்டியதில்லை. பெண்பூவுக்கு இதழுக்குக் கீழே சின்னப் பிஞ்சு இருக்கும். அந்தப் பிஞ்சு சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி, நுனியிலிருந்து சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை. மாடிக்குத் தேனீ வராவிட்டால் நாமே தேனீயாக வேண்டியதுதான்.

இங்கே பலர் சறுக்குவது நேரத்தில். பூசணி, பாகல், வெள்ளரி காலையில் விரியும், அவற்றைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடவேண்டும். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் பொழுது சாய்ந்து, வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் விரியும். சுரைக்குக் காலையில் போய்த் தொட்டுவிட்டு ‘கை மகரந்தச் சேர்க்கையும் பலிக்கவில்லை’ என்றால் எப்படிப் பலிக்கும்? அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தேயுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும்.

பிஞ்சு பிடித்து, நன்றாகப் பெருத்த பிறகு கோணி, பிசின் ஒழுகி அழுகினால் பழ ஈ. வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு. பாதித்த காயை மண்ணில் அப்படியே போட்டால் அங்கேயே கூட்டுப்புழுவாகித் திரும்பி வரும், பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகு எறியுங்கள். பிஞ்சு பிடித்த மறுநாளே பழைய துணி உறையோ செய்தித்தாள் கூம்போ மாட்டிவிடுவது நிச்சயமான காப்பு. புடலை புழு இல்லாமலே சுருண்டால் அது வெறும் புடலை குணம்தான், நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

காய் வருகிறது, ஆனால் உருப்படி இல்லை

தக்காளியின் அடிப்பக்கம் கருத்து, தோல் மாதிரி அமுங்கினால் பூஞ்சை என்று மருந்து தேடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கும் தோட்டத்தில் இது வரும். நார்க்கழிவு மட்டுமே நிரப்பிய பையில் சீக்கிரம் வரும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள், அது கரைவதற்குள் பட்டமே முடிந்துவிடும். தண்ணீரை ஒரே சீராக்குங்கள், அடுத்த கொத்து நன்றாக வரும். பழம் வெடிப்பதற்கும் தண்ணீர் சீராக இல்லாததுதான் காரணம்.

வெண்டை முற்றி நாராகிறதென்றால் பறிப்பது தாமதம். பூத்த 5 முதல் 7 நாளில் காய் தயார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாடியேறுகிறவர்களுக்கு வெண்டை சரிப்படாது, கொத்தவரை போடலாம்.

முள்ளங்கியில் இலை மட்டும் செழித்துக் கிழங்கு இல்லையென்றால் நெருக்கம். முளைத்த பத்தாம் நாள் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைக்கவேண்டும். பங்குனிக்கு மேல் விதைப்பதானால் பூசா சேட்கி ரகம், அது வெயில் தாங்கும். கொத்தமல்லி இலை விடாமல் பூவுக்கு ஓடினால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. வெயில் காலத்தில் சிறுகீரை, தண்டுக்கீரையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம், 25 நாளில் சிறுகீரை சட்டிக்கு வந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் செடி வளரவே மாட்டேன் என்கிறது

உரம் கொடுத்தாயிற்று, பூச்சி இல்லை, தண்ணீர் சரி, ஆனாலும் குட்டையாக, வெளிறி, மதியமானால் துவண்டு நிற்கிறது. ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வேர் முழுக்க மணிமணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. வெண்டை, தக்காளி, கத்தரி மூன்றுக்கும் இது பொது எதிரி, ஒரே மண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பைகளில் பெருகும். (பயறுவகையின் வேரில் இருக்கும் முடிச்சு இது அல்ல. அது நல்லது, விரலால் உருட்டினால் தனியே கழன்று வரும்.)

இந்தப் பட்டத்தில் அந்தப் பையை மீட்க முடியாது. கத்திரி வெயிலை நமக்கு வேலை செய்ய வைக்கலாம். வேரையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, மண்ணைத் தளத்தில் அரை அடிக்கு மேல் போகாமல் பரப்பி, நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் இறுக மூடி ஓரத்தில் கல் வையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், சூடு உள்ளே இறங்காது. அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4 வாக்கில் மூடினால் ஜூன் நடுவில் பிரிக்கலாம். ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும், மக்கிய தொழுவுரமும் கலந்து ஒரு மாதம் ஈரமாக வைத்திருங்கள். ஆடி பிறந்ததும் அதில் அந்தப் பந்தல் அவரையை ஊன்றலாம்.